உட்கார்ந்தால்தான் ஆட்டம்

12 ஜூலை 2025, சனி

பட்டர்வொர்த், மலேசியா. மண்டபத்துக்குள் நுழைந்ததும் பெரியப்பா செயற்கைக் காலைக் கழற்றிச் சப்பாத்தோடு சுவரோரம் சாய்த்துவிடுவார். உள்ளே போட்டிருந்த துணி உறையை உதறி நாலாக மடித்து வைப்பார், பட்டாளத்து மடிப்பு. அப்புறம் இரண்டு கையையும் ஊன்றித் தரையிலேயே நகர்ந்து வலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

உட்கார்ந்து ஆடும் வாலிபால். வலை 1.15 மீட்டர் உயரம், ஆடுகளம் 10க்கு 6 மீட்டர். நகர்வதும் கையால்தான், பந்தை அடிப்பதும் கையால்தான். பந்து வருமுன் போய்ச் சேர்ந்து கையைத் தரையிலிருந்து எடுத்தாக வேண்டும். இரண்டு காலும் உள்ள நான் ஆடிப் பார்த்தேன். தோள்பட்டை கழன்றுவிட்டது.

19 ஜூலை, சனி

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர் வேண்டும், மொத்தமே நாலு பேர்தான் வந்தார்கள். வராதவர்களைக் கேட்டால் ஒரே பதில், கார் கிடைக்கவில்லை. சக்கர நாற்காலியைப் பார்த்ததுமே வாடகைக் கார்க்காரர்கள் புக்கிங்கை ரத்து செய்துவிடுகிறார்களாம். டி-சட்டைக்கும் பேனருக்கும் காசு கொடுக்க ஆள் இருக்கிறது, வேனுக்கு இல்லை. என்னைக் கேட்டால் பேனர் காசில் பெட்ரோல் போடலாம்.

31 ஜூலை, வியாழன்

ஹரி பஹ்லாவான், மலேசியாவின் வீரர்கள் தினம். பெரியப்பா ரேஞ்சர் ரெஜிமெண்டில் இருந்தவர். 1979இல் தாய்லாந்து எல்லைக் காட்டில் ரோந்து போனபோது ஜெராங்காப் சமாரை, அதாவது மறைத்து வைத்திருந்த கண்ணிவெடியை, மிதித்தார். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு நடந்த அந்தச் சண்டை 1989 டிசம்பரில் ஹாட்யாய் ஒப்பந்தத்தோடுதான் ஓய்ந்தது. காட்டைப் பற்றிக் கேட்டால் மழை, அட்டை என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

அதனால் நான் விளையாட்டுக் கதை சொன்னேன். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் டாக்டர் லுட்விக் குட்மன், போரில் காயம்பட்ட 16 பேரைச் சக்கர நாற்காலியோடு வில்வித்தைப் போட்டியில் இறக்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1960இல் ரோமில் நடந்த பாராலிம்பிக். பெரியப்பா "ம்" என்றார், அவ்வளவுதான். 1965 போரில் குண்டடிபட்ட இந்தியச் சிப்பாய் முரளிகாந்த் பேட்கர் 1972இல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வாங்கியதைச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனை மீட்டர்?" ஐம்பது என்றேன்.

2 ஆகஸ்ட், சனி

ஒரு பிரமுகர் வந்தார். மாலை, "நாட்டின் வீரர்கள்" என்று நீளப் பேச்சு. பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம் கல்லூரிப் பையன்களோடு ஆட்டம், அவர்களும் தரையில்தான். அடிக்கும்போது பெரியப்பாவின் பின்பக்கம் தரையை விட்டு எழும்பியது. அது ஃபவுல். நடுவர் பையன் விசில் ஊதவில்லை.

"தம்பி, நான் எழும்புனது தெரியலையா?"

"பரவால்ல அங்கிள்."

"என்ன பரவால்ல? அவங்களுக்கு பாயிண்ட குடு!"

கொடுத்தான். அடுத்து அவர்கள் போட்ட சர்வீஸையே பெரியப்பா வலைமேல் மறித்துக் கீழே தள்ளினார். பையன்கள் கூச்சல் போட்டார்கள். இந்த ஆட்டத்தில் சர்வீஸை மறிக்கலாம், விதியிலேயே இருக்கிறது. நடுவர் போனில் தேடிப் பார்த்துவிட்டு நம் பக்கம் கை காட்டினான்.

கடைசி செட்டில் தோற்றோம். காரில் ஏறியதிலிருந்து ஒரே பேச்சு. அவர்கள் பக்கம் பந்து தூக்கிக் கொடுத்த அந்த ஒல்லிப் பையனை அடுத்த வாரம் நம் அணிக்கு இழுத்தாக வேண்டுமாம்.