காலை 6 மணிக்குக் காணாமல் போன 160 லாரிகள்

மூன்று வாரமாக என் சிமுலேஷன் நிரலில் படுத்திய பிழை நேற்று ராத்திரி பிடிபட்டது. சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

சென்னைத் துறைமுகத்தில் லாரிகள் நுழையும் ஜீரோ கேட்டுக்கு வெளியே எண்ணூர் விரைவுச்சாலையில் நிற்கும் ட்ரெய்லர் வரிசையைக் கணினியில் கொண்டுவர முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எண்கள் துறைமுகத்தினுடையவை அல்ல, நானே வைத்துக்கொண்டவை. நான்கு லேன், ஒரு வண்டிக்கு 2 நிமிடம், ஆக மணிக்கு 120 வண்டி உள்ளே போகலாம். வருவது நாள் சராசரியில் மணிக்கு ஏறக்குறைய 100.

இதை வரிசையில் காத்திருக்கும் நேரத்தைக் கணக்கிடும் எர்லாங் சூத்திரத்தில் போட்டால் காத்திருப்பு வெறும் 2 நிமிடம், வரிசையில் மூன்று வண்டி! அந்தச் சாலையில் ஒரு நாள் பேருந்தில் போனவர்கூடச் சிரிப்பார். வண்டிகள் சராசரியாக வருவதில்லையே. காலை 6 முதல் 9 வரை மணிக்கு 160 என்று வைத்தால், மணிக்கு 40 மிஞ்சி, 9 மணிக்கு 120 வண்டி நிற்கும். 40 அடிப் பெட்டி ஏற்றிய ட்ரெய்லருக்கு இடைவெளியோடு 18 மீட்டர் என்றால் 2 கிலோமீட்டருக்கு மேல். அதன்பின் வரத்தை 95 ஆகக் குறைத்தாலும் வரிசை கரைய மதியம் 2 மணி ஆகிவிடும். இது பேப்பரில் போட்ட கணக்கு.

இதையே சிம்பையில் (SimPy, இப்படிப்பட்ட வரிசைகளைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் பைதான் நூலகம்) ஓட்டினால் ஒரு நாள் வரிசை 2 கிலோமீட்டர், மறுநாள் ஒன்றுமே இல்லை. தற்செயல் ஏற்ற இறக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை மாற்றி மாற்றி ஓட்டினேன். லேன் பகுதியை இரண்டு முறை அழித்து எழுதினேன். பிழை அங்கே இல்லவே இல்லை.

ஷிஃப்ட் மாறும் 5 முதல் 6 மணி வரை வரத்து மணிக்கு 1 என்று வைத்திருந்தேன். அடுத்த வண்டி எப்போது என்பதை அந்த நொடியின் வரத்து வேகத்தை (மணிக்கு எத்தனை வண்டி) வைத்துக் குலுக்கிப் போட்டதுதான் தப்பு. 5:50-க்குக் குலுக்கினால் அடுத்த வண்டி சராசரியாக 6:50-க்கு வரும். அதற்குள் வேகம் 160 ஆகிவிட்டது என்பது நிரலுக்குத் தெரியாது, அது தூங்கிக்கொண்டிருக்கிறது. உச்ச நேரத்தில் சராசரியாக ஒரு மணி நேரம், அதாவது 160 லாரி, சத்தமில்லாமல் மாயம்.

மருந்து பழசுதான்: லூயிஸும் ஷெட்லரும் 1979-இல் எழுதிய சலித்தெடுக்கும் முறை. நாள் முழுக்க 160 வேகத்திலேயே குலுக்கு. 5:30-க்கு விழுந்தால் 160-இல் ஒன்றை மட்டும் வைத்துக்கொள், 10 மணிக்கு விழுந்தால் 160-இல் 95. நான்கே வரி. இப்போது நூறு முறை ஓட்டினாலும், 9 மணி வரிசை பெரும்பாலும் 90-க்கும் 150-க்கும் நடுவில் நிற்கிறது.

சரி, அடுத்த தலைவலி. 2 நிமிடம் என்பதே பொய். பர்மா பஜாரில் வாங்கிய டேலி கவுன்ட்டரோடு (ஒரே வாரத்தில் பொத்தான் சிக்கிக்கொண்டது, ரிச்சி தெருவில் வாங்கியிருக்கலாம்) டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஓட்டுநர் அண்ணன் சொன்னார்: "தம்பி, ஃபார்ம் 13 (பெட்டியை உள்ளே கொண்டுபோகக் காட்டும் படிவம்) சரியா இருந்தா கேட்ல வேலையே இல்ல. பெட்டியோட சீல் நம்பர் பேப்பரோட ஒத்துப்போகாத ஒரே ஒரு வண்டி முன்னால நின்னா, பின்னால எல்லாரும் போச்சு."

நூற்றில் ஐந்து வண்டிக்கு மட்டும் 15 நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். சராசரி 2.65 நிமிடம்தான் ஆகிறது, ஆனால் 120 போக வேண்டிய இடத்தில் மணிக்கு 90 வண்டிதான் போகிறது. வரத்தோ 100. வரிசை நாள் கணக்கில் கரையாமல் வளர்கிறது. அந்த ஐந்தையும் ஓரமாக ஒதுக்க ஒரு தனி இடம் வைத்தால் என்ன ஆகும் என்று எழுத ஆரம்பித்தேன். நடுவிலேயே மனம், லாரி வரும் நேரத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் முன்பதிவு முறைக்குத் தாவிவிட்டது. லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்களில் 2005-இல் பகல் நேரப் பெட்டிகளுக்குக் கட்டணம் வைத்து லாரிகளை இரவுக்குத் தள்ளிப் பார்த்து, 2018-இல் முன்பதிவுக்கு மாறினார்கள். அதையும் இதில் நுழைத்துப் பார்க்க ஆசை.

இப்போதைக்கு அந்த ஓரத்துத் தனி இடத்தில் எத்தனை வண்டி நிற்கலாம் என்பதற்கு 6 என்று போட்டிருக்கிறேன். ஏழாவது வந்தால் நிரல் அப்படியே உறைந்து நிற்கிறது.