பானிபூரி என்ன விலை?

'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தை 2009 ஜனவரியில் ரஹ்மானுக்காகத்தான் போய்ப் பார்த்தேன். அடுத்த மாதம் எட்டு ஆஸ்கர் வந்தது, அதில் இரண்டு அவருக்கு. மேடையில் அவர் தமிழில் சொன்ன 'எல்லாப் புகழும் இறைவனுக்கே'யை ஆபீஸில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம். ஆனால் அந்தப் படத்தில் வரும் பானிபூரி காட்சி எனக்கு உறைக்கச் சில வருடங்கள் பிடித்தன.

கால் சென்டரில் டீ கொடுக்கும் ஜமால் டிவி வினாடி வினாவில் கோடிகளை நெருங்கிவிட்டான். ஏமாற்றியிருப்பான் என்று போலீஸ் பிடித்து அடிக்கிறது. தேசியச் சின்னத்தின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்ற கேள்விக்கு ('வாய்மையே வெல்லும்') அவன் ஆடியன்ஸிடம் உதவி கேட்டிருக்கிறான். இன்ஸ்பெக்டராக வரும் இர்ஃபான் கானுக்கு ஆச்சரியம், அது தன் ஐந்து வயது மகளுக்கே தெரியுமே என்கிறார். பையன் திருப்பிக் கேட்கிறான்: மும்பை சௌபாட்டி கடற்கரையில் பானிபூரி என்ன விலை? கான்ஸ்டபிள் சொல்லும் விலை பழசு. தீபாவளிக்குப் பிறகு ஏறிவிட்டது. அப்புறம், இன்னொரு கான்ஸ்டபிளின் சைக்கிளைத் திருடியது யார்? அது ஜூஹுவில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமாம்.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறேன். வருடா வருடம் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு அனுப்புவார்கள். சில வருடங்கள் கழித்து மதுரைக்குத் தெற்கே ஒரு கல்லூரி. காலையிலிருந்து முப்பது பேரைப் பார்த்தாகிவிட்டது. அடுத்து வந்த பையன் சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் போட்டிருந்தான். நிகழ்தகவில் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்: ஒரு சீட்டுக்கட்டிலிருந்து இரண்டு சீட்டு எடுத்தால், இரண்டும் ராஜாவாக இருக்க என்ன வாய்ப்பு?

"சார், ஒரு கட்டுல எத்தனை ராஜா சார்?"

பக்கத்தில் இருந்தவர் சிரித்துவிட்டார். நானும் லேசாக. நாலு என்று சொன்னேன். மொத்தம் எத்தனை சீட்டு என்று கேட்கக் கூச்சப்பட்டானோ என்னவோ, அதோடு பேச்சே வரவில்லை. எட்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் லிஸ்ட்டைக் கொடுத்துவிட்டு, காருக்காக நிற்கும்போது கையில் இருந்த ரெஸ்யூமேக்களைச் சும்மா புரட்டினேன். அவனுடையதில், கடைசி வரியில்: 'பூ மார்க்கெட் கமிஷன் கடையில் கணக்கு, 3 வருடம்.' மல்லிகை விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. முகூர்த்த நாளில் சரக்கு எவ்வளவு வரும், எவ்வளவு மிஞ்சும் என்று விடியற்காலையில் கணிக்கிறவனுக்கு நிகழ்தகவு தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சீட்டுக்கட்டைத் தொட்டால் முதுகுத் தோலை உரித்துவிடும் வீடாக இருந்திருக்கலாம். திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. லிஸ்ட் போய்விட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்கு ராத்திரி ஹோட்டலில்தான் பானிபூரி ஞாபகம் வந்தது. ஜமால் ஜெயித்தது அது எழுதிவைத்த விதி என்பதால்தான் என்று படம் முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கேள்விகள் அவன் நடந்த தெருவிலிருந்து வந்தன, அவ்வளவுதான். நூறு டாலர் நோட்டில் இருப்பது யார் என்று கண் பறிக்கப்பட்ட பழைய சிநேகிதன் சொன்னதால் தெரியும். அன்றைய ஆயிரம் ரூபாய் நோட்டில் இருந்தது காந்தி என்று தெரியாது. அதையே கேட்டிருந்தால் அவன் திரும்ப டீ கொடுக்கப் போயிருப்பான். எங்கள் கேள்விகளோ எங்கள் வீட்டு வரவேற்பறையிலிருந்து வந்தவை: சீட்டுக்கட்டு, லிஃப்ட், செஸ் போர்டு.

அடுத்த வருடம் அதே கல்லூரி. எட்டயபுரம் பக்கத்துப் பெண், அப்பா ஆடு மேய்ப்பவர், முதல் பட்டதாரி. ஒரு வேகத்தில் கேட்டேன்: "நாற்பது ஆடு இருக்கு, ஆடி மாசம். எதை விப்பீங்க, எதை வச்சிருப்பீங்க?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வயசான பெட்டைகளை ஆடியிலேயே தள்ளிவிட வேண்டும், கோயில் கொடைக்கு விலை இருக்கும். புரட்டாசியில் கறி தின்ன மாட்டார்கள், சந்தைக்கே போகக் கூடாது. கிடாய்களைத் தீபாவளிக்கு நிறுத்தலாம். ஆனால் மழை முந்தினால் நோய் வரும், அதனால் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது, பாதிதான். எத்தனைக்கு எத்தனை என்று பேப்பரில் போட்டும் காட்டினாள்.

மார்க் ஷீட்டில் 'விடை சரியா?' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய் கேட் வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "பாதியா?" என்றார். "மூணுல ஒரு பங்குதான் நிறுத்தணும் சார். புள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் ஜாஸ்தி."

உள்ளே வந்து 'ஆம்' என்று டிக் அடித்தேன்.