காய்ந்த மண் ஏன் சீக்கிரம் சூடேறுது?

நீலகிரி அடிவாரத்துல மசினகுடி, சீகூர் பக்கம் வெயில் காயுறப்ப "ஊட்டிக் காத்து இறங்கியும் குளிரலையே"ன்னு கேக்குறாங்க. இறங்குற காத்து குளிராது, சூடாகும். ஆயிரம் மீட்டர் இறங்கினா ஈரமில்லாத காத்து 9.8 டிகிரி ஏறிடும். ஊட்டி 2,240 மீட்டர், மசினகுடி ஆயிரத்துக்குள்ளே. கணக்கு போட்டுக்கங்க. ஆனா இது மலை உண்டான நாள்லேர்ந்து இருக்கு. புவி வெப்பமாதலை இதோட குழப்பிக்கக் கூடாது.

புவி வெப்பமாதல்ல வறண்ட நிலம் கூடுதலா சூடாக முக்கியக் காரணம் மண்ணுல ஈரமில்லாததுதான். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாக சுமார் 0.68 யூனிட் கரண்டுக்குச் சமமான வெப்பம் போகும். மண்ணுல தண்ணி இருந்தா வெயிலோட பெரும்பங்கு அதுக்கே செலவு. இல்லேன்னா அத்தனையும் மண்ணையும் காத்தையும் சூடாக்கும். காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரம் தாங்கும். அதனால மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும். மண் இன்னும் காயும், சூடு இன்னும் ஏறும். கரியமில வாயு ஆரம்பிச்சு வைக்குது, காய்ஞ்ச மண் பெருக்குது.

காத்து எவ்வளவு காய்ஞ்சிருக்குன்னு வீட்டுலயே பாக்கலாம். நிழல்ல ரெண்டு வெப்பமானி. ஒண்ணோட குமிழுல ஈர மல்துணி சுத்தி, விசிறி ஓடணும். துணி இல்லாதது 35 டிகிரி, துணி சுத்தினது 20 டிகிரி காட்டினா காத்தோட ஈரப்பதம் சுமார் 25 விழுக்காடுதான். துணியை நனைக்க போர்வெல் தண்ணி மட்டும் ஊத்தாதீங்க. உப்பு படிஞ்சு துணி விறைச்சுட்டா தண்ணி ஏறாது. துணி சுத்தின வெப்பமானி கூடுதலா காட்டி ஏமாத்தும். காய்ச்சி வடிச்ச தண்ணி, பேட்டரிக்கு ஊத்துவாங்களே, அது போதும்.