படத்தை நீ சொல்லு

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபடியே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். திடீரென்று அந்த முகம். எகிப்து அரசர்களின் சிலைகளில் இருக்குமே, அந்த மாதிரித் தலைக்கட்டு, இறுகின வாய், இமைக்காத கண். ஜயன்ட் ரோபோ! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதைப் பார்த்து எப்படியும் முப்பத்தெட்டு வருஷம் இருக்கும்.

ஜப்பானில் டோயி நிறுவனம் 1967-68ல் எடுத்த தொடர் அது, மொத்தம் 26 பகுதிகள். ஆங்கிலத்தில் டப் ஆகி, எங்கெங்கோ சுற்றி, எண்பதுகளின் நடுவில் தூர்தர்ஷன் வழியாக மதுரையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. ஜானி என்று ஒரு பையன், அவன் மணிக்கட்டில் ஒரு கடிகாரம். அதில் அவன் பேசினால் அந்த ராட்சத இரும்பு மனிதன் கேட்பான், வேறு யார் சொன்னாலும் கேட்கமாட்டான். விரல் நுனியிலிருந்து ஏவுகணை பறக்கும். எனக்கு அப்போது எட்டோ ஒன்பதோ. ஏறக்குறைய என் வயசுப் பையன் ஒருவன் சொல்வதை அவ்வளவு பெரிய ஒன்று மறுபேச்சில்லாமல் கேட்கிறது என்பதைவிடப் பெரிய அதிசயம் அன்றைக்கு எனக்கு வேறு எதுவும் இல்லை.

26 பகுதியையும் வரிசையாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். கடைசிப் பகுதியை மட்டும் அவசரப்பட்டுப் பார்க்கக் கூடாது. காரணம் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்

நாலு பகுதி முடிந்தது. பார்க்கப் பார்க்க ஞாபகம் வருவது ரோபோ இல்லை, எங்கள் மொட்டை மாடி.

சாலிடேர் கறுப்பு வெள்ளை டிவி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற மரக் கதவு வைத்தது. அப்பா தவணையில் வாங்கினார். கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்லி முன்னால் ஒரு நீலக் கண்ணாடித் தாள் வேறு. தெருப் பிள்ளைகள் பதினைந்து பேராவது சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். படம் தெளிவாக வரும், சரியாக முக்கியமான இடத்தில் புள்ளி புள்ளியாகிவிடும். மேலே ஆண்டெனாவில் காக்கா உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் காற்றில் குழாய் திரும்பியிருக்கும். அண்ணன் மாடிக்கு ஓடுவான். அங்கிருந்து "தெரியுதா?" என்று கத்துவான். படிக்கட்டில் நிற்கிற ஒருவன் அதை உள்ளே கடத்துவான், நான் டிவி முன்னால் நின்று "இல்ல, இன்னும் கொஞ்சம்... ஆங், விட்டுட்டே, பழையபடி திருப்பு!" என்பேன். ஒரு நிகழ்ச்சிக்கு மூன்று நாலு தடவையாவது இது நடக்கும்.

இதில் ஒரு சிக்கல். அந்தக் கூட்டத்திலேயே கொஞ்சமாவது இங்கிலீஷ் தெரிந்தவன் அண்ணன் ஒருவன்தான். ஒன்பதாம் வகுப்பு. ஆக, கதை புரிகிற ஆள் பாதி நேரம் மாடியில் இருப்பான், படம் பார்க்கிற நாங்கள் ஒன்றும் புரியாமல் கீழே இருப்போம். அவன் மூச்சு வாங்க இறங்கி வந்ததும் முதல் வார்த்தை, "டேய், படத்தை நீ சொல்லு, கதையை நான் சொல்றேன்" என்பதுதான். நான் சொல்வேன்: ஒரு ஆள் கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்டான், ஜானி தண்ணிக்குள்ள போறான், பெரிய கண்ணு ஒண்ணு உருண்டு வருது. அதை வைத்துக்கொண்டு, காதில் விழுந்த நாலு வார்த்தையையும் சேர்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் கதை சொல்லுவான். யாரும் எதிர்த்துக் கேட்டதில்லை.

இப்போது ஆங்கிலம் புரிந்து பார்க்கிறேன். அவன் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி இந்தத் தொடரில் எங்குமே இல்லை, ஆனால் அது இருந்திருந்தால் தொடர் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று மனசார நினைக்கிறேன்.

2024 ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஞாயிறு காலை என்றாலே ஸ்டார் ட்ரெக், விண்வெளிக் கப்பலில் கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் கதை. 1966 முதல் 1969 வரை அமெரிக்காவில் வந்த 79 பகுதிகள், எங்களுக்கு வந்தபோது அதற்கும் இருபது வயசு நெருங்கியிருந்தது. எங்களுக்கென்ன தெரியும், அது நாளைக்கு நடக்கப்போகிறது என்றே நம்பினோம்.

அந்தக் கப்பலில் கூர்க்காது வைத்த வேற்றுக்கிரகத்து ஆள் ஸ்பாக். அவருக்கு நாங்கள் வைத்த பேர் "காது". ஏன் அவர் சிரிப்பதே இல்லை என்று ஒருத்தி கேட்டாள். "அவங்க ஊர்ல அழுறதும் சிரிக்கிறதும் வேணாம்னு எல்லாரும் சேந்து முடிவு பண்ணிட்டாங்க, முன்னாடி ரொம்பச் சண்டை போட்டு அழிஞ்சிருக்காங்க" என்றான் அண்ணன். பின்னாளில் ஸ்பாக்கின் இனமான வல்கன்களின் கதையைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிட்டத்தட்ட அதேதான். எந்த வசனத்திலிருந்து அதைப் பிடித்தான்?

ஆட்கள் பளபளவென்று கரைந்து வேறு கிரகத்தில் போய் நிற்பார்களே, அந்தக் கருவியே பணத் தட்டுப்பாட்டில் பிறந்ததாம். வாரா வாரம் ஒரு கப்பல் தரையிறங்குவதைப் படம் பிடிக்கக் கட்டுப்படியாகாது என்று அந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். தானாகத் திறக்கிற கதவுக்குப் பின்னால் ஆள் நின்று இழுத்திருக்கிறார்கள். இது தெரிந்த அன்று எனக்கு ஏமாற்றமே இல்லை, சந்தோஷம்தான். நாங்களும் நிலைப்படியில் இரண்டு பக்கமும் ஆளை நிறுத்தி, இரண்டு கோரைப்பாயை நட்டமாகப் பிடித்து, யாராவது கிட்டே வந்தால் "ஸ்ஸ்க்" என்று வாயால் சத்தம் கொடுத்து இழுத்தோம். அவர்கள் செய்ததைத்தான் நாங்களும் செய்திருக்கிறோம்.

இன்னொன்று. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிரகத்தில் இறங்குகிறவர்தான் முதலில் சாவார் என்று உலகமே சொல்கிறது. எங்கள் டிவியில் எல்லாச் சட்டையும் சாம்பல்தான். அதனால் யார் சாகப்போகிறார்கள் என்று எங்களுக்கு ஒருபோதும் முன்கூட்டித் தெரிந்ததில்லை. ஒவ்வொரு சாவும் திடுக்கென்றது.

2024 ஆகஸ்ட் 15, வியாழன்

சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது 1975ல் இதே நாளில். ஆனால் எங்கள் ஊருக்கு அது எட்டவில்லை. 1984-85ல் ஊர் ஊராகச் சின்ன ஒளிபரப்பிகளை வைத்தார்கள், அவை செயற்கைக்கோள் வழியாக டில்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே விட்டன. ஆக, மதுரையில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் இந்தி, கொஞ்சம் இங்கிலீஷ். கொடைக்கானல் டவர் வந்த பிறகுதான் டிவியில் தமிழ். அதுவரை எங்களுக்கு ஹிந்திச் செய்தியும் வேற்றுக்கிரகப் பேச்சும் ஒன்றுதான்.

அந்தச் செயற்கைக்கோள் இன்சாட்-1பி. அதைப் பற்றி இன்று படித்துக்கொண்டிருந்தேன், மனசு என்னவோ செய்துவிட்டது. 1983 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்காவிலிருந்து அதை மேலே கொண்டுபோனது சேலஞ்சர் விண்கலம். ஷட்டில் வகை விண்கலம் ஒன்று இரவில் புறப்பட்டது அதுதான் முதல் தடவை. போனவர்களில் ஒருவரான கயன் புளுஃபோர்ட், விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர்கள் வெளியே விட்ட பெட்டி, பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் போய் நின்றுகொண்டு, எங்கள் நீலத்தாள் டிவிக்கு ஸ்பாக்கையும் ரோபோவையும் அனுப்பிக்கொண்டிருந்தது. விண்வெளிக் கப்பல் கதையைப் பார்க்க எங்களுக்கு ஒரு நிஜ விண்வெளிக் கப்பல் தேவைப்பட்டிருக்கிறது!

1986 ஜனவரி 28, அதே சேலஞ்சர் கிளம்பிய 73 விநாடியில் சிதறியது. ஏழு பேர். அதில் ஒருவர் பள்ளி ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். டிவி செய்தியில் அந்த வெள்ளைப் புகை இரண்டாகப் பிரிந்து கொம்பு மாதிரி வளைந்ததைக் காட்டினார்கள். அண்ணன் அன்றைக்கு எங்களுக்குக் கதை எதுவும் சொல்லவில்லை. "இது படம் இல்லடா" என்றான், அவ்வளவுதான். நம் டிவிக்குப் படம் அனுப்பியதே அந்தக் கலம் ஏற்றிவிட்ட பெட்டிதான் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

2024 ஆகஸ்ட் 18, ஞாயிறு

சரி, கடைசிப் பகுதி.

தொடர் முடியப்போகிறது என்று அண்ணன் எப்படியோ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டான். அன்றைக்கு வாசல் வரைக்கும் கூட்டம். காக்கா உட்காராமல் இருக்க மாடியில் ஒருவனைக் குச்சியோடு நிறுத்தியிருந்தோம். தலைமை வில்லன் கில்லட்டின், பச்சையோ என்னவோ, எங்களுக்குச் சாம்பல், கட்டடத்தைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்கிறான். ரோபோவுக்குச் சக்தி தீர்ந்துகொண்டே வருகிறது. ஜானி கடிகாரத்தில் கத்துகிறான், ரோபோ அசையவில்லை. அப்போது கரண்ட் போனது.

பதினைந்து பேரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றோம். மரக் கதவு வைத்த அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கி மறைகிற வரைக்கும், மறைந்த பிறகும். கரண்ட் வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மறு ஒளிபரப்பு, கேசட், எதுவும் எங்களுக்குத் தெரியாது. போனது போனதுதான்.

நான் அழுதேன். ராத்திரி மாடியில் படுத்திருக்கும்போது அண்ணன் முடிவைச் சொன்னான். ரோபோ கில்லட்டினை அடித்துப் போட்டுவிட்டது, ஆனால் சக்தி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, அதனால் சந்திரனுக்குப் பின்பக்கம் போய்ப் படுத்திருக்கிறது, அங்கே வெயில் படப்பட உடம்பில் சக்தி ஏறும், ஏற இருபது வருஷம் ஆகும். "பின்பக்கம் ஏன்?" என்றேன். "முன்பக்கம்னா எல்லாரும் பாத்துருவாங்கல்ல" என்றான்.

அதை நான் முழுசாக நம்பினேன். இருபது வருஷத்தைக் கூட்டிக் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் எழுதியும் வைத்தேன்.

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

இடையில் பார்த்தவற்றையும் எழுதிவிடுகிறேன். 1986ல் விக்ரம் வந்தது, சுஜாதா எழுதியது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தமிழ் பேசுகிறார்கள், கடத்தப்பட்ட ஏவுகணைக்கு அக்னி புத்ரா என்று பேர். 1989 மே மாதம் நாட்டின் நிஜ அக்னி ஏவுகணை சோதித்துப் பார்க்கப்பட்டபோது அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ரீகல் தியேட்டருக்கும் கூட்டிப் போயிருக்கிறான், விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் இருந்தது, ஆங்கிலப் படத்துக்குப் பேர் போன இடம். அங்கே சத்தமாக மொழிபெயர்க்க முடியாது, என் காதுக்குள் சொல்லுவான்.

பிறகு தூர்தர்ஷனில் என் இனிய இயந்திரா தொடராக வந்தது. ஜீனோ என்கிற இயந்திர நாய், படிக்கும், யோசிக்கும், தமிழிலேயே பேசும். எனக்கு அதை உயிருக்குப் பிடிக்கும். ஆனால் நடுவில் யாரும் இறங்கி வந்து "படத்தை நீ சொல்லு" என்று கேட்கவில்லை. எல்லாமே புரிந்தது, எல்லோருக்கும் புரிந்தது. அண்ணன் அதற்குள் டிப்ளமோ முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். நல்ல தொடரைப் பார்த்துக்கொண்டே ஏன் அவ்வளவு தனியாக உணர்ந்தேன் என்று பல வருஷம் கழித்துத்தான் புரிந்தது.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளி

முதல் தேசிய விண்வெளி தினம் இன்று. போன வருஷம் இதே நாள் சாயங்காலம் சந்திரயான்-3 நிலவின் தென் துருவத்துப் பக்கம் இறங்கியது. திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நானும் ஆபீசில் எல்லோரோடும் நின்று கைதட்டினேன். வேகம் குறைகிற கோடு திரையில் இறங்க இறங்க, எனக்குள் ஒரு எட்டு வயசுப் பையன் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ப் பாருங்களேன் என்று கேட்டுக்கொண்டிருந்தான். சந்திரனின் பின்பக்கத்தை சோவியத் ரஷ்யாவின் லூனா-3 1959லேயே படம் எடுத்துவிட்டது என்று எப்போதோ படித்துவிட்டேன். தெரிந்தும் கேட்டான்.

இருபத்தைந்து பகுதி முடிந்தது. ஒன்றுதான் பாக்கி.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

கில்லட்டினைச் சுட முடியாது, அவன் உடம்பு முழுக்க அணுசக்தி, வெடித்தால் பூமியே போய்விடும். ரோபோ ஓய்ந்து நிற்கிறது. கரண்ட் போன இடம் வந்ததும் என் கை தானாகப் போனை இறுக்கிப் பிடித்தது. ரோபோ அசைகிறது. யாரும் கட்டளை கொடுக்கவில்லை, அதுவாக அசைகிறது. கில்லட்டினைக் கட்டிப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வானத்துக்குப் போகிறது. ஜானி கடிகாரத்தில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். அதுவரை அவன் சொன்னது எல்லாவற்றையும் கேட்ட ரோபோ, அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. எங்கோ உயரத்தில் ஒரு விண்கல்லில் போய் மோதி, இரண்டும் இல்லாமல் போகின்றன.

ராத்திரி ஒன்பதரைக்கு அண்ணனுக்குப் போன் போட்டேன். "ரோபோவோட கடைசிப் பகுதி பாத்துட்டேண்ணே."

கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. அப்புறம், "கரண்ட் போச்சே, அதா?" என்றான். நான் ஆமாம் என்றதும் அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "இரு இரு. டேய், படத்தை நீ சொல்லு."

சொன்னேன், முழுசாக, பத்து நிமிஷம். குறுக்கே பேசவே இல்லை. ரோபோ மேலே போகிற இடம் வந்தது. "ஜானி கடிகாரத்துல கத்துறாண்ணே, என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நிறுத்து, நிறுத்து" என்றான். "அதை நான் சொல்றேன். போகாத, திரும்பி வான்னு சொல்லியிருப்பான்."