63-இல் தொடங்கிய பார்ட்டிஷன்

அலுவலக லினக்ஸ் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது. பெரிதாக ஒன்று வாங்கி, பழையதை டிடி (dd) கட்டளையால் பைட் மாறாமல் அப்படியே நகலெடுத்து மாட்டினேன். மறுநாளே, "புது டிஸ்க் போட்டதிலிருந்து ரொம்ப மெதுவா இருக்கு" என்றார்கள்.

கேபிளை மாற்றிப் பார்த்தேன். டிஸ்கின் சுய பரிசோதனையான ஸ்மார்ட் (SMART) சோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. பெரிய கோப்பைப் படித்தால் நல்ல வேகம் வந்தது. சின்னச் சின்னக் கோப்புகளை ஒன்றாகக் கட்டிய ஒரு டார் (tar) கோப்பைப் பிரித்தபோதுதான் திணறியது. சரி, கோளாறு எழுதுவதில் இருக்கிறது.

டிஸ்கின் பிரிவுகளைக் காட்டும் எஃப்டிஸ்க் (fdisk) கருவியில் பார்த்தால் முதல் பார்ட்டிஷன், அதாவது முதல் பிரிவு, 63-ஆம் செக்டரில் தொடங்கியிருந்தது. செக்டர் என்பது டிஸ்க் படித்து எழுதும் மிகச் சிறிய துண்டு. 255 ஹெட் (படித்து எழுதும் முனை), டிராக்குக்கு (தட்டில் ஒரு வட்டத்துக்கு) 63 செக்டர் என்பதெல்லாம் கம்ப்யூட்டரைத் தொடக்கும் பயாஸுக்காகச் சொல்லும் கணக்கு. 255 ஹெட் உள்ள டிஸ்க் எங்கேயும் கிடையாது. ஆனாலும் பழைய கருவிகள் அதை நம்பி முதல் டிராக்கை ஒதுக்கிவிடும். 512 பைட் செக்டர் காலத்தில் அதனால் நஷ்டமில்லை. புது டிஸ்கோ வெளியே 512 என்று காட்டிக்கொண்டு உள்ளே 4096 பைட் செக்டர் வைத்திருந்தது. எட்டுச் சின்ன செக்டர் சேர்ந்தால் ஒரு பெரிய செக்டர். 63 எட்டால் வகுபடாதே!

அதனால் லினக்ஸ் கோப்புகளை அடுக்கும் முறையான எக்ஸ்ட்4-இன் (ext4) ஒவ்வொரு 4096 பைட் பிளாக்கிலும் முதல் 512 பைட் ஒரு செக்டரின் வாலில், மீதி 3584 பைட் அடுத்த செக்டரில். ஒரு பிளாக்கை மட்டும் மாற்ற இரண்டு செக்டரையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். படித்த இடம் மறுபடி ஹெட்டுக்கு அடியில் வர ஒரு முழுச் சுற்று ஆகும். நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்கில் அது 8.3 மில்லி செகண்ட். டிடி அந்த 63-ஐயும் சேர்த்தல்லவா நகலெடுத்திருந்தது!

பழைய டிஸ்கை அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதிலிருந்தே சர்வரைக் கிளப்பி, புதியதில் பார்ட்டட் (parted) என்ற பார்ட்டிஷன் கருவி கொண்டு 1 எம்ஐபியில் (MiB, 1024 × 1024 பைட்), அதாவது எட்டால் வகுபடும் 2048-ஆம் செக்டரில், பார்ட்டிஷனைத் தொடங்கினேன். ஃபார்மேட் செய்து, கோப்பு நகலெடுக்கும் ஆர்சிங்க்கால் (rsync) கோப்புகளைக் கொண்டுவந்து, லினக்ஸைப் பூட் செய்யும் கிரப்பை (GRUB) மறுபடி நிறுவினேன். ஃபார்மேட் செய்ததில் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி (UUID) மாறியிருந்தது; பூட்டின்போது எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்ஸ்டாப் (fstab) கோப்பில் அதைத் திருத்த மறந்ததால் பூட் பாதியில் நின்று அரை மணி நேரம் போனது. இதைச் செய்பவர்கள் அந்த ஒரு வரியை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம் அதே டார் கோப்பை மறுபடி பிரித்தேன். திரையில் கோப்புப் பெயர்கள் நிற்காமல் ஓடின.