மொறிஸ் மைனர் ஹூட்டுக்குக் கவர் தைத்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது மொறிஸ் மைனர் 1000 கார், ஹூட் (துணிக் கூரை) மடிக்கிற வகை. மாமா ஆசையாய் வைத்திருந்து எனக்குத் தந்தது. 1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் முதன்முதலில் வந்தபோதே, மூடிய காரோடு ஹூட் மடிக்கிற காரும் சேர்ந்தே வந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1959இல் மினி காரைத் தந்தவரும் அவர்தான். இலங்கையில் மூடிய மைனரை இன்றைக்கும் தெருவில் காணலாம். ஹூட் மடிக்கிறது அபூர்வம், அதன் சாமான்கள் அதைவிட அபூர்வம்.

இந்தக் காரில் ஹூட்டை மடித்தால் அது உள்ளே எங்கும் மறையாது. பின் ஆசனத்துக்குப் பின்னால், வெளியே தெரிகிற மாதிரி ஒரு மூட்டையாக உட்கார்ந்திருக்கும். அந்த மூட்டையை மூடும் கவர் எங்கள் காருக்கு எப்போதோ தொலைந்துவிட்டது. கவர் அழகுக்குத்தானே என்று சிலர் நினைப்பார்கள். திருகோணமலை உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட கார் வைத்திருப்பவர் அப்படி நினைக்கக் கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் மடிப்புகளுக்குள் மணல் போய்விடுகிறது. பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் துணியும் துணியும் உரசும்போது அந்த மணல் துணியைத் தேய்க்கிறது. வெயிலும் மடிப்பின் முகட்டில்தான் நேரே படுகிறது. எங்கள் பழைய ஹூட் கிழிந்தது முழுக்க அந்த முகடுகளில்தான்.

இங்கிலாந்திலிருந்து தைத்த கவரை வரவழைக்கலாமா என்று முதலில் பார்த்தேன். ஆனால் எங்கள் ஹூட் இங்கேயே புதிதாகப் போட்டது. துணி கொஞ்சம் தடிப்பு, மடித்தால் உயரமாக நிற்கும். வேறொரு ஹூட்டுக்கு வெட்டிய கவர் இதற்குப் பொருந்தாது. அதனால் என்.சி. வீதிப் பக்கம் ஓட்டோ ஹூட்டும் குஷன் வேலையும் செய்கிற நானா ஒருவரிடம் போனேன். காரைச் சுற்றி வந்து பார்த்தவர் அளவு நாடாவைத் தொடவேயில்லை.

“தம்பி, முதல்ல ஹூட்டை வடிவா மடிச்சுக் காட்டுங்க. மடிப்பு சரியில்லாட்டி நான் என்ன தைச்சும் பிரயோசனமில்லை” என்றார்.

இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பெறுமதியான பேச்சு அதுதான். மடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹூட் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், முன் மரச்சட்டமும் உக்கும். மடிக்க முன் கொஞ்ச நேரம் வெயிலில் விட்டால் துணியும் பின் பிளாஸ்டிக் கண்ணாடியும் இளகி வரும். பிறகு ஒருவர் சட்டத்தை மெதுவாக இறக்க, மற்றவர் வளைவுக் கம்பிகளுக்கு இடையில் சிக்கும் துணியை வெளியே இழுத்துவிட வேண்டும். கத்தரிக்கோல் மாதிரி மடங்குகிற அந்த இணைப்புகள்தான் துணியைக் கடித்துத் துளை போடும். பிளாஸ்டிக் கண்ணாடி தன்மேல் தானே உரசாமல் இருக்க, நடுவில் ஒரு பழைய பருத்திச் சாரத்தைத் தோய்த்துக் காயவைத்து வைத்தோம். மடித்ததை உடனே அளக்கவும் இல்லை. “சில நாள் அப்படியே கிடக்கட்டும், துணி படிஞ்ச பிறகு வாறேன்” என்று நானா போய்விட்டார். படிந்த பிறகு மூட்டை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

துணி விஷயத்தில் எங்களுக்குள் வாதம் வந்தது. நானாவுக்கு ரெக்சின் பிடிக்கும்: தண்ணீர் போகாது, பளபளப்பு, கையில் இருக்கிற சரக்கு. எனக்கு அது வேண்டாம் என்று பட்டது. ரெக்சின் காற்றை விடாது. உள்ளே தங்கும் ஈரம் ஹூட்டைத்தான் கெடுக்கும். வெயிலில் நாளாக நாளாகச் சுருங்கி, பட்டன் எட்டாமலும் போகும். கடைசியில் புறாமலைத் தீவுக்கு ஆட்களை ஏற்றும் படகுகளுக்குக் கூரை தைக்கிறவரிடம் நிலாவெளியில் அக்ரிலிக் கன்வஸ் வாங்கினோம். நூலாக்க முன்பே நாரிலேயே சாயம் சேர்த்த வகை என்பதால் வெயிலில் இலகுவில் வெளிறாது, காற்றும் போய்வரும். துணியைத் தடவிப் பார்த்த நானா, “சரி, இதுவும் நல்ல சாமான்தான்” என்று ஒத்துக்கொண்டார். நூல் பொலியஸ்டர்தான் வேண்டும் என்பதில் அவர் உறுதி. நைலோன் வெயிலுக்கு அவ்வளவு தாங்காது, பருத்தி நூல் உக்கிவிடும்.

மாதிரி வெட்டியது மெல்லிய பிளாஸ்டிக் தாளில். மூட்டைமேல் விரித்து, நடுக்கோட்டை முதலில் குறித்து, அங்கிருந்து இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டினார். ஒரு பக்கம் எடுத்து மறுபக்கத்துக்குத் திருப்பிப் போட்டால் வேலை பாதியாகுமே என்று கேட்டேன். “இவ்வளவு வயசான காரில ரெண்டு பக்கமும் ஒண்டா இராது” என்றார். உண்மைதான், இடப்பக்க மூலை அரை அங்குலத்துக்கு மேல் கூட இருந்தது. காரின் அகலம் ஏறக்குறைய 5 அடி. துணியின் நீளவாட்டைக் காரின் அகலத்துக்குப் போட்டதால் மேற்பகுதி ஒரே துண்டாக வந்தது. நடுவில் தையல் இல்லை, தண்ணீர் இறங்க வழியும் இல்லை.

தையல் விரைவாக முடிந்தது. கனத்த சிங்கர் மெஷின், நீளத் தையல், ஓரத்துக்குப் பட்டி. உள்பக்கம் மென்மையான பருத்தித் துணி கொடுத்தோம். இல்லாவிட்டால் கன்வஸ் ஓரம் காரின் பெயின்ரைக் கீறும்.

கூடப் பொறுமை வேண்டியது பட்டனுக்குத்தான். காரின் உடலில் பட்டன் மாட்டுகிற பழைய குமிழ்கள் வரிசையாக இருந்தன, புதிதாக ஒரு துளையும் போட நான் விரும்பவில்லை. ஒவ்வொரு குமிழின் தலையிலும் ஈரமாக்கிய வெண்கட்டியைத் தடவிக் கவரை மேலே அழுத்த, துணியில் புள்ளி விழுந்தது. நடுவில் ஒன்றை அடித்து மாட்டிவிட்டு, பிறகு இடம் வலம் என்று மாறி மாறி வெளியே போனோம். எல்லாவற்றையும் மேசையில் வைத்து ஒரேயடியாக அடித்தால் மூலையில் துணி மிஞ்சும் அல்லது குறையும். ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் நாடாத் துண்டு வைத்துத் தைத்திருப்பதால் கழற்றும்போது துணி கிழியாது. பட்டன் வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, எங்கள் கடற்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்து துணியில் கறை விடும். பித்தளையில் காந்தம் ஒட்டாது.

இப்போது நிலாவெளி வீதியில் காற்றுக்கு எதிரே ஓடினாலும் பின்னால் படபடப்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் கவரைக் கழற்றி, மணலைத் தட்டி, இடைக்கிடை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன். ஐப்பசி மழை தொடங்கினால் கவர் பெட்டிக்குள் போகும், ஹூட் மேலே நிற்கும். பிளாஸ்டிக் மாதிரி நானாவின் கடையில் சுருட்டியபடி இருக்கிறது. வேறு யாராவது மைனர்காரர் வந்தால் வெட்டுமுறையைப் பார்க்க உதவும். அளவை மட்டும் தங்கள் ஹூட்டை மடித்துவைத்துப் புதிதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.