சேலத்துக்கு வெளியே குடியேற ஊர் பார்த்த விதம்

சேலத்துக்கு மாற்றலாகி வரும் குடும்பம் எடுத்ததும் கேட்பது, "சதுர அடி என்ன விலை போகுது?" என்றுதான். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம். நாலு திசையிலும் அலைந்த பிறகு கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் தண்ணீர், அடுத்து போக்குவரத்து, அப்புறம் பத்திரம், விலை கடைசி. இந்த வரிசையில் விசாரித்தால் பாதி இடங்கள் பணம் பேசுவதற்கு முன்னாலேயே கழிந்துவிடும்.

சேலத்தின் அமைப்பை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. நடுவில் ஊர். சாலைகள் இந்த மலைகளுக்கு இடைப்பட்ட வாய்கள் வழியாகத்தான் வெளியே போகின்றன. அதனால் வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும் இரண்டு கிராமங்களுக்கு நடுவே ஒரு கரடோ காப்புக்காடோ இருக்கும். சுற்றித்தான் போக வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீரும் வேறு, தொழிலும் வேறு, இரைச்சலும் வேறு.

வடமேற்கே கருப்பூர், ஓமலூர். பெங்களூர் நெடுஞ்சாலை, பெரியார் பல்கலைக்கழகம், அரசு பொறியியல் கல்லூரி, காமலாபுரம் விமான நிலையம் எல்லாம் இந்தப் பக்கம். வடக்கே கோரிமேடு, கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரம். காற்றுக்கும் பார்வைக்கும் இதை அடிக்க வேறு பக்கம் இல்லை. அதனாலேயே விலையும் அதிகம். கிழக்கே அயோத்தியாப்பட்டணம் தாண்டி வாழப்பாடி வரை சென்னை சாலை. தெற்கே மல்லூர், பனமரத்துப்பட்டி. தென்மேற்கே கொண்டலாம்பட்டி தாண்டினால் அரியானூர், வீரபாண்டி, ஆட்டையாம்பட்டி, இளம்பிள்ளை.

இனி தண்ணீர். சேலத்துக்காரர்கள் பேச்சில் தண்ணீர் இரண்டு வகை: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி என்றால் மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவேரித் தண்ணி. உப்புத் தண்ணி என்றால் போர் தண்ணி. எந்த ஊருக்குப் போனாலும் காலை ஆறு, ஆறரைக்குத் தெருக்குழாய்ப் பக்கம் போய் நின்று, குடம் பிடிக்கிற பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுங்க்கா?" புரோக்கர் "தினமும் வருதுங்க" என்று சொன்ன தெருவில், "வாரத்துக்கு ஒருக்கா வந்தாலே பெரிசுங்க, சித்திரையில அதுவும் இல்ல" என்று பதில் வரும். இரண்டாவது பதில்தான் கணக்கு. நாலு பேர் குடும்பத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர், பத்து நாள் இடைவெளி என்று வைத்தால் 4,000 லிட்டர். அந்த அளவுக்குச் சம்ப் (தரைக்கடித் தொட்டி) இல்லாத வாடகை வீட்டைப் பார்க்கவே வேண்டாம். சொந்தமாகக் கட்டுவதாக இருந்தால் சம்பை நடுச்சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் தனித்தனிக் குழாய் இழுப்பது நல்லது. பிறகு பிரிக்கலாம் என்று விட்டால் தரையையும் சுவரையும் உடைக்க வேண்டிவரும்.

போர் விஷயத்தில் "எங்க போட்டாலும் தண்ணி வருங்க" என்ற பேச்சை நம்பக் கூடாது. இது கடினப்பாறை பூமி. தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. ஒரு மனையில் 400 அடியில் கிடைத்தது, அடுத்த மனையில் 900 அடி போனாலும் புகையாகத்தான் வரும். சுற்றிலும் மூன்று வீட்டில் நாலு விஷயம் கேட்க வேண்டும்: எந்த வருடம் போட்டது, மொத்தம் எத்தனை அடி, தண்ணீர் தட்டியது எத்தனையாவது அடியில், கோடையில் மோட்டார் எத்தனை நிமிடம் ஓடினால் காற்று இழுக்கிறது. இந்த நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. பதில் இருபது நிமிடம் என்றால் அந்தத் தெருவே லாரித் தண்ணீரில் வாழ்கிறது என்று பொருள். செலவைக் கணக்கிடும்போது ஆழம் கூடக் கூட அடி ரேட்டும் ஏறும் என்பதையும், கேசிங் பைப்புக்குத் தனிக் காசு என்பதையும் சேர்க்க வேண்டும். மேல் மண் தாண்டிக் கெட்டிப் பாறையில் உட்காரும் வரை கேசிங் இறங்க வேண்டும். அதில் மிச்சம் பிடித்தால் மண் சரிந்து மோட்டார் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

தரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தால் பாதிதான் தெரியும். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அந்தத் தண்ணீராலேயே இரண்டு லிட்டர் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, அன்றைக்கே குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியே இல்லை என்றால் 2,000 வரை. கடினத்தன்மைக்கு 200, உச்சம் 600. ஃபுளூரைடுக்கு 1, உச்சம் 1.5. கரைந்த உப்பை அளக்கக் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் ஃபுளூரைடைக் காட்டாது. மீட்டரில் 600 காட்டும் தண்ணீரிலும் ஃபுளூரைடு 2 இருக்கலாம். சேலம், தர்மபுரி மாவட்டங்களில் இது பழைய பிரச்சினை. வளரும் பிள்ளைகளின் பல்லில்தான் முதலில் பழுப்புக் கோடாகத் தெரியும். குழந்தைகள் உள்ள குடும்பம் இந்த ஒரு சோதனையை விடவே கூடாது.

கருப்பூர், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டிப் பக்கம் தெரியும் வெள்ளைக் குன்றுகள் மேக்னசைட் சுரங்கங்கள். அந்தப் பாறை ஊறிய தண்ணீரில் மெக்னீசியக் கடினம் அதிகம். அங்கே குடியிருக்கும் ஒரு பாட்டி சொன்னதுதான் சரியான சோதனை: "இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க." ஒரு பாத்திரத்தில் அரை லிட்டர் எடுத்து அடுப்பில் வற்றவிட்டுப் பார்த்தோம். அடியில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைப் படலம். நகத்தால் சுரண்டினால் செதிலாக வருகிறது. அதுதான் கீசர் காயிலிலும், வாஷிங் மெஷின் டிரம்மிலும், குழாய் வாயிலும் படியும். அந்தப் பக்கம் வேலை இருப்பவர்கள் குடியிருக்கத்தான் செய்கிறார்கள். சமையலுக்குக் காவேரித் தண்ணி தவறாமல் வரும் தெருவாகப் பார்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

அடிவாரப் பக்கம் கோடையைவிட மழைக்காலத்தில்தான் பார்க்க வேண்டும். ஏற்காட்டில் கொட்டும் மழை ஓடைகளாக இறங்கிக் கன்னங்குறிச்சிப் புது ஏரி, மூக்கனேரி என்று வருகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு சாலையில் மண் சரிந்தது, கீழே திருமணிமுத்தாறு பொங்கி ஓடியது. எந்த மனையைப் பார்த்தாலும், "ஃபெஞ்சல் மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" என்று பக்கத்து மளிகைக்கடையில் கேட்டோம். அவர்கள் சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். கோடையில் மண் மூடி, புல் முளைத்து, வண்டித்தடம் போலத் தெரியும் பள்ளம் பல இடங்களில் ஓடை. வருவாய்த் துறையின் புலப்படத்தில் அது இரண்டு இணைகோடாகப் போட்டிருக்கும். அதை ஒட்டிய மனை விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். காப்புக்காட்டை ஒட்டிய மனைகளில் காட்டுமாடு இறங்குவதும், பங்குனி சித்திரையில் மலையில் தீப்பிடித்துப் புகை வருவதும் உண்டு.

மலை மேலேயே, ஏற்காட்டில் குடியேற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் சேரும். சமவெளியில் வாங்குவது போல எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்பவரிடம் ஐந்து சென்ட் வாங்கிவிட்டுக் கட்டட அனுமதிக்கு அலைபவர்கள் நிறைய. தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வேலைக்குப் போவதும் நடக்கிற காரியம் இல்லை.

போக்குவரத்தைத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கும், இரவு ஒன்பதுக்கும் சோதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்த ஊர் வேறு, திங்கட்கிழமை பஸ்ஸில் வந்து பார்த்த ஊர் வேறு. டவுன் பஸ்கள் பெரும்பாலும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வரும். வெளியூர் பஸ்கள் புது பஸ் ஸ்டாண்டுக்கு. நெடுஞ்சாலையில் வெளியூர் பஸ் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று போகலாம், உங்கள் ஸ்டாப்பில் நிற்காது. டவுன் பஸ் கடைசி நடை எத்தனை மணிக்கு என்பதை ஸ்டாப்பில் உள்ள டீக்கடையில் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கல்லூரிக்குப் போகும் பெண், ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மா உள்ள வீட்டுக்கு அந்த ஒரு நேரம்தான் ஊரைத் தீர்மானிக்கிறது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் மாதச் செலவிலும் அது தெரியும்.

நெடுஞ்சாலை ஓரத்து லே-அவுட்டில் இன்னொரு சிக்கல். மனை சாலையின் எந்தப் பக்கம் இருக்கிறது? சேலத்திலிருந்து திரும்பும்போது எதிர்ப்பக்கமாக இருந்தால், அடுத்த பாலத்தடி வரை போய்த் திரும்பி வர வேண்டும். அது இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் என்ன நடக்கிறது என்று மாலை நேரம் நின்று பாருங்கள்: எல்லா டூவீலரும் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சென்டர் மீடியனைத் தாண்டுகிறார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல தண்ணீர் உள்ள இரண்டு இடங்களை விட்டோம். அதில் வருத்தம் இல்லை.

சத்தமும் நாற்றமும் பகல் பதினொரு மணிக்குத் தெரியாது. இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டிப் பக்கம் விசைத்தறி. பக்கத்துச் சுவரில் தறி இருந்தால் காதை விட உள்ளங்கைக்கு முதலில் தெரியும். சுவரில் கை வைத்தால் அதிரும். கிழக்கே வாழப்பாடி, ஆத்தூர் வழியிலும் தெற்கே ராசிபுரம் பக்கமும் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரிகள். மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் பருவத்தில் கழிவுநீர்த் தொட்டியின் புளித்த நாற்றம் காற்றடிக்கும் திசையில் வெகுதூரம் வரும். தை, மாசியில் சாயங்காலம் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும். கல் குவாரி, கிரஷர் இருக்கிறதா என்று அறிய மரத்து இலையைத் தடவிப் பார்த்தால் போதும்.

பத்திரம். 20.10.2016க்குப் பிறகு போடப்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய முடியாது. அதற்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்திய ஆணை எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் என்று பேனரில் இருப்பது போதாது, வரைபடத்தில் உங்கள் மனை எண் இருக்க வேண்டும். சாலையும் பூங்கா இடமும் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாகப் பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் "பூங்கா" என்று காட்டிய இடம் ஐந்து வருடத்தில் மனையாக விற்கப்படும். வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்கு. தாய்ப்பத்திரத்தில் அண்ணன் தம்பி மட்டும் பாகம் பிரித்திருந்தால், அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரம் எங்கே என்று கேட்க வேண்டும். கிராம நிலக் கணக்கான ஏ-பதிவேட்டில் பஞ்சமி நிலம் (பட்டியலின மக்களுக்கு ஒதுக்கியது), கோயில் இனாம், புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

சேலத்தில் கூடுதலாக ஒன்று: நிலமெடுப்பு. சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைக்கு 2018இல் அளந்த நிலங்கள் குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டி, நிலவாரப்பட்டி, பூலாவரி வழியாகப் போகின்றன. அந்த அறிவிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் புதிதாக அறிவிக்க வழிவிட்டது. விமான நிலைய விரிவாக்கத்துக்குக் காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி. இந்த ஊர்களில் சர்வே எண்ணை எழுதி எடுத்துப்போய்த் தாலுகா அலுவலகத்தில் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

பட்டாவைப் படிப்பதிலும் பலர் சறுக்குகிறார்கள். அதில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். 0-01.50 என்றால் ஒன்றரை ஏர், அதாவது 150 சதுர மீட்டர், ஏறக்குறைய 3.7 சென்ட், 1,614 சதுர அடி. பத்திரத்தில் 1,800 சதுர அடி என்று எழுதியிருந்தால் மீதி எங்கே? புலப்பட நகலும் நூறடி டேப்பும் எடுத்துப்போய் நாலு பக்கமும் அளந்து, மீட்டரை 3.28ஆல் பெருக்கிச் சரிபார்த்தோம். ஒரு மனையில் பக்கத்து வேலி நாலடி உள்ளே வந்திருந்தது. விற்பவருக்கே அது தெரியாது.

பதிவுச் செலவு, முத்திரைத்தீர்வை 7 சதவீதமும் பதிவுக்கட்டணம் 2 சதவீதமும். பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் ஒரு சதவீதம் குறையும். அடிவார மனைகள் அந்த வரம்புக்குள் வருவது அரிது. மல்லூர், வாழப்பாடிப் பக்கம் உள்ளே தள்ளிய சிறு மனைகளுக்கு உதவும். வீடு 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டுவதாக இருந்தால் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி எடுக்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் உடனே வாங்கவில்லை. அதே ஊரில் பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் போட்டு உட்கார்ந்தோம். சித்திரையும் ஐப்பசியும் அதற்குள் வருகிற மாதிரி. பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழையும் (டிசி) ரேஷன் கார்டு முகவரி மாற்றத்தையும் மே மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். ஜூனில் எல்லா அலுவலகத்திலும் கூட்டம். பாம்புக்கடி மருந்து இருப்பு உள்ள அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போக எத்தனை நிமிடம் என்று முதல் வாரமே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம். மார்ச்சில் எடுத்த தண்ணீர் சோதனையை மே கடைசியில் அதே போரில் மறுபடி எடுத்தபோது உப்பு ஏறியிருந்தது, ஃபுளூரைடு 1க்குள்ளேயே நின்றது. அந்த இரண்டாவது தாள் கைக்கு வந்த பிறகுதான் அட்வான்ஸ் கொடுத்தோம்.